பின்னால் வருகிறவருக்கு ஒரு வார்த்தை

நமது ஊர்ச் சாலைகளைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அதற்காகச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் நமது ஜனங்களுக்கு ஈடு கிடையாது. மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டை மடக்காமல் நீங்கள் கிளம்பினால் போதும், முன்பின் தெரியாத நாலு பேர் துரத்திக்கொண்டு வந்து, "சார், ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் புடவைத் தலைப்பு சக்கரத்தின் பக்கம் பறந்தால், பஸ்ஸுக்குள் இருப்பவர்கூட ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எச்சரிப்பார். திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் போய்க்கொண்டிருந்தாலோ, கேட்கவே வேண்டாம். ஐந்து விரல்களையும் குவித்தும் விரித்தும் அபிநயம் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பார்கள்.

அணைக்க மறந்த விளக்கைப் பற்றிச் சொல்ல இப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எரியாத விளக்கைப் பற்றிச் சொல்ல? ஒருவர்கூடக் கிடையாது. இருக்கவும் முடியாது. நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று தெரிந்தால் அல்லவா, "ஏன் ஐயா விளக்குப் போடவில்லை?" என்று அவர்கள் கேட்பதற்கு? இந்தச் சின்னத் தர்க்கம் என் மூளைக்கு எட்டுவதற்கு ஒரு தண்ணீர் லாரி தேவைப்பட்டது, நேயர்களே!

என்னிடம் இருக்கும் மோட்டார் சைக்கிள் என் தகப்பனார் வாங்கியது. அவர் மின்சார இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலி வந்த பிறகு வண்டியை என்னிடம் ஒப்படைத்தார். சாவியைத் தந்தபோது அவர் சொன்னது ஒரே புத்திமதிதான்: "இண்டிகேட்டரை மட்டும் நம்பாதேடா. திரும்பும்போது கையையும் காட்டு." பெரியவர்கள் சொல்லும் புத்திமதிகளை எங்கே வைப்போமோ அங்கே அதையும் பத்திரமாக வைத்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் வண்டியில் ஒரு மாறுதல் கண்டது. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால், வழக்கமாக நிதானமாக "டிக்... டிக்..." என்று துடிக்கிற மீட்டர் பக்கத்துச் சிறு விளக்கு, "டிக்டிக்டிக்" என்று படபடத்தது. 'பரவாயில்லையே, கிழட்டு வண்டிக்கு என்ன சுறுசுறுப்பு!' என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு மாதம் அந்தச் சந்தோஷத்திலேயே ஓடியது.

ஒரு சனிக்கிழமை மாலை. ஆற்காடு சாலையில் வந்துகொண்டிருந்தோம். எனக்கும் மனைவிக்கும் நடுவில், தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டுக்குள் எங்கள் ஏழு வயது மகள். வலப்பக்கத்துச் சந்தில் திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டேன், அது படபடத்தது. கண்ணாடியில் பார்த்தேன், தண்ணீர் லாரி ஒன்று தூரத்தில் வந்தது. 'நாம்தான் சொல்லியாகிவிட்டதே, அவன் ஒதுங்கிக்கொள்வான்' என்று வண்டியை வலப்பக்கம் சாய்த்தேன்.

அடுத்த கணம் காதைப் பிளக்கும் ஹாரன். டயர்கள் தேயும் கிறீச். முதுகுக்குப் பின்னால் சூடான இரும்பின் மூச்சு. லாரி நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தால் அதிகம். டாங்கியிலிருந்து தளும்பிய தண்ணீர் ரோட்டில் கொட்டியது.

டிரைவர் இறங்கவில்லை. வையவுமில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. "ஏன் சார், கையாச்சும் காட்டக் கூடாதா? நடுவுலே கொழந்தை குந்தியிருக்குதே!" என்றார். குரல் நடுங்கிற்று.

"இண்டிகேட்டர் போட்டேனே, ஐயா!"

"எங்கே சார் எரியுது?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன் விளக்கு துடிதுடித்துக்கொண்டிருந்தது. பின் விளக்கு கல்லைப்போல் கிடந்தது. ஒரு மாத காலமாக, எனக்கு முன்னால் போகிறவர்களிடமெல்லாம் நான் திரும்பப் போவதை மிக உற்சாகமாக அறிவித்து வந்திருக்கிறேன். பின்னால் வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீடு வரும்வரை மனைவி பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: "அப்பா, நீ சொன்னது அந்த லாரி மாமாவுக்குக் கேட்கலையா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இழை அறுந்து, கண்ணாடி புகை பிடித்திருந்தது.

"எத்தனை நாளாக வேகமாகத் துடிக்கிறது?" என்றார்.

"ஒரு மாதமாக."

"அதுதானே அது உன்னிடம் சொன்னது!"

அப்புறம் விளக்கினார். இண்டிகேட்டர் பல்பு ஒவ்வொன்றும் 10 வாட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆகப் பக்கத்துக்கு 20 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 1.7 ஆம்பியர் மின்சாரம் ஓடும். அந்த மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறதுதான் பிளாஷர் ரிலே என்னும் சின்னப் பெட்டி. பழைய காலத்து ரிலேக்களில் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். மின்சாரத்தால் சூடேறினால் அது வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறினால் நிமிர்ந்து மறுபடியும் சேரும். பிற்காலத்தில் அந்தத் தகட்டின் இடத்துக்கு ஒரு மின்னணுச் சுற்று வந்தது. அது எவ்வளவு மின்சாரம் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு பல்பு செத்து, மின்சாரம் பாதியாகக் குறைந்தால், உடனே அவசர அவசரமாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். ஓட்டுகிறவன் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

'சுறுசுறுப்பு' என்று நான் எதைக் கொண்டாடினேனோ அது கூக்குரல்!

"புது பல்பு ஒன்று போடு. சரியாகிவிடும்" என்றார் அப்பா. ஆனால் அந்தப் பின் பல்பு அறுந்தது அது இரண்டாவது தடவை. வண்டி தடதடக்கிற தடதடப்பில் மெல்லிய இழை எவ்வளவு நாள் தாங்கும்? எல்.இ.டி. விளக்கில் இழையே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்.இ.டி.யை நிக் ஹாலோனியாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1962-ல் செய்து காட்டினார். அது சிவப்பு நிறம். இன்று தெருவிளக்கிலிருந்து சாமி படத்துச் சரவிளக்கு வரையில் அதன் வம்சம்தான். நம் வண்டிக்கு மட்டும் ஏன் கூடாது என்று, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் புறப்பட்டேன். சென்னையில் வண்டி சாமான் வாங்குகிறவர்களுக்கு அது திருப்பதி மாதிரி.

கடைக்காரப் பையன் என் முன்னால் ஒரு தீபாவளியே நடத்திக் காட்டினான். நீலம், வெள்ளை, ஓடுகிற வெளிச்சம், சிரிக்கிற வெளிச்சம்! "சார், இதைப் போட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றான். எனக்கு வேண்டியது யாரும் திரும்பிப் பார்ப்பதல்ல; நான் திரும்புவதை அவர்கள் பார்ப்பது. ஆகவே, இண்டிகேட்டருக்கு உரிய மஞ்சள் கலந்த செந்நிறத்தில் நாலு விளக்குகள் வாங்கினேன். ஒன்றை எரியவிட்டு, நடுப்பகல் வெயிலில் இருபது அடி தள்ளி நின்று, நேராகவும் பார்த்தேன், பக்கவாட்டிலும் பார்த்தேன். சில எல்.இ.டி.க்கள் நேரே நின்றால் கண்ணைப் பறிக்கும். கொஞ்சம் விலகினால் காணாமலே போய்விடும். வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசல் தொழிற்சாலை ஆயிற்று. அப்பா உத்தரவு போட்டார். நான் வேலை செய்தேன். அவருக்குக் கை நடுங்குகிறது. கண் மட்டும் தப்புவதில்லை. முதலில் சாவியை எடுத்தோம். பிறகு பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றினோம். பழைய விளக்குகள் இரும்புத் தண்டில் நின்றன. அந்தத் தண்டே எர்த். புதிய விளக்குகளின் தண்டு ரப்பர். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. பல்புக்கு எந்தக் கம்பியை எங்கே கொடுத்தாலும் எரியும். எல்.இ.டி. அப்படியல்ல; மாற்றிக் கொடுத்தால் மௌனம். 'கறுப்புதான் எர்த்' என்று நான் பூட்டப் போனேன். அப்பா தடுத்து, ஒவ்வொரு விளக்கையும் முதலில் பாட்டரியில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதில் ஒன்று நேர் தலைகீழ்! மூட்டுகளைச் சால்டர் வைத்து, ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சுருக்கினோம். இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றினால் சென்னை வெயிலில் பசை இளகிவிடும்.

எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். புது விளக்குகள் ஜொலித்தன. ஆனால் என்ன வேகம்! வலப்பக்கம் போட்டாலும் படபடப்பு, இடப்பக்கம் போட்டாலும் படபடப்பு.

அப்பா சிரித்தார். "அது என்ன செய்யும், பாவம்! எல்.இ.டி. ஒன்றரை வாட்டுதான். இரண்டும் சேர்ந்து கால் ஆம்பியர் இழுத்தால் அதிகம். 1.7 ஆம்பியர் போன இடத்தில் கால் ஆம்பியர் போனால், எல்லாப் பல்பும் செத்துவிட்டது என்றுதானே அது நினைக்கும்?"

மறுபடியும் கடைக்கு ஓடினேன். பையன் தயாராக இருந்தான். "ரெஸிஸ்டர் போட்டுடுங்க சார், அவ்வளவுதான்" என்றான். விளக்கோடு சேர்த்து ஒரு ரெஸிஸ்டரைக் கட்டினால், அது பழைய பல்பு அளவுக்கு மின்சாரம் இழுத்து ரிலேயை ஏமாற்றிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா கணக்குப் போட்டார். 12 வோல்ட்டில் 10 ஓம் என்றால் 14 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. "எல்.இ.டி. மிச்சம் பிடிக்கிற மின்சாரத்தையெல்லாம் இங்கே அடுப்பாக எரிப்பதா? பக்கத்தில் பிளாஸ்டிக்கும் கம்பியும் இருக்கிறதே?" என்று திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

சரியான வழி, எல்.இ.டி.க்கென்றே செய்த மின்னணு ரிலே. எவ்வளவு மின்சாரம் போகிறது என்ற கவலை அதற்கு இல்லை. தன் உள்ளே இருக்கும் கணக்குப்படி ஒரே தாளத்தில் துடிக்கும். நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மேற்படாமலும் இண்டிகேட்டர் துடிக்க வேண்டும் என்பது வாகனங்களுக்கு ஏற்பட்ட விதி. நல்ல ரிலே அதற்குள் நிற்கும். எங்கள் பழைய ரிலேக்கு இரண்டே கால்: மின்சாரம் வருகிற கால், விளக்குக்குப் போகிற கால். புதியதற்கு மூன்றாவதாக எர்த் கால் உண்டு. வண்டியின் சட்டத்தில் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, அங்கே ஒரு கம்பியை முடுக்கி, மூன்றாவது காலுக்குக் கொடுத்தோம். வருகிற காலும் போகிற காலும் எல்லா ரிலேயிலும் ஒரே வரிசையில் இருப்பதில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டே செருக வேண்டும்.

"இப்போது போடு" என்றார் அப்பா.

இடப்பக்கம் போட்டேன். அழகான, நிதானமான தாளம். மகள் கை தட்டினாள். மறு கணம், "தாத்தா, இந்தப் பக்கமும் எரியுது!" என்றாள்.

வாஸ்தவம். இடம் போட்டால் நாலு விளக்கும் துடித்தன. வலம் போட்டாலும் நாலும் துடித்தன! 'இரண்டு பக்கமும் திரும்பப் போகிறேன்' என்று உலகத்துக்கு அறிவிக்கிற வண்டியை என்னவென்று சொல்வது?

இங்கேதான் அப்பாவின் முப்பத்தைந்து வருஷம் பேசியது. மீட்டர் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு சிறு விளக்கு. அதன் ஒரு கால் இடப்பக்கக் கம்பியில், மறு கால் வலப்பக்கக் கம்பியில். இடப்பக்கம் மின்சாரம் வந்தால், அது சிறு விளக்கின் வழியாகப் போய், வலப்பக்கத்துப் பல்புகளைத் தாண்டி எர்த்தை அடையும். அந்தச் சொற்ப மின்சாரம் 10 வாட் பல்பை எழுப்பாது; எல்.இ.டி.யை எழுப்பிவிடும். அவ்வளவுதான் மர்மம்!

அதற்கு மருந்து, ஓரிரண்டு ரூபாய் பெறுமானமுள்ள இரண்டு டயோடுகள். டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை. இடப்பக்கக் கம்பியிலிருந்து ஒன்று, வலப்பக்கக் கம்பியிலிருந்து ஒன்று. இரண்டையும் சிறு விளக்கின் ஒரு காலில் சேர்த்து, மறு காலை எர்த்தில் கட்டினோம். டயோடில் வெள்ளிக் கோடு போட்ட முனை சிறு விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டேன். இடம் என்றால் இடம். வலம் என்றால் வலம். மகள் நாலு தடவை சுற்றி வந்து சரி பார்த்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்பா எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் பின் விளக்கின் கம்பியைப் பிடுங்கினார். பின் விளக்கு அணைந்தது. மீட்டர் பக்கத்துச் சிறு விளக்கோ "டிக்... டிக்..." என்று, ஒன்றுமே நடக்காததுபோல், அதே நிதானத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தாயா?" என்றார். "கூப்பிட்டு எழுப்புகிற காவல்காரனை அனுப்பிவிட்டு, தாளம் தப்பாத கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். இனிமேல் விளக்குப் போனால் இது உன்னிடம் சொல்லாது."

எனக்குச் சுரீரென்றது. பழைய ரிலேயின் படபடப்பைத் தொந்தரவு என்று நினைத்தோம். பணம் கொடுத்து அதை ஒழித்தோம். அந்தப் படபடப்புத்தான் எனக்கு இருந்த ஒரே எச்சரிக்கை. அதைக் கேட்கத் தெரியாதது என் குற்றமே தவிர, அதன் குற்றமல்ல. இப்போது எனக்கு நல்ல விளக்கு இருக்கிறது. இழை அறுகிற பயம் இல்லை. பாட்டரிக்குப் பாரம் இல்லை. ஆனால் எல்.இ.டி.யும் சாகும், மூட்டும் விடும், கம்பியை எலியும் கடிக்கும். அன்றைக்கு எச்சரிக்கை செய்ய வண்டியில் யாரும் இல்லை.

"அப்படியானால் பழைய பல்பையே மாட்டிவிடட்டுமா, அப்பா?"

"எதற்கு? இது நன்றாகத்தானே இருக்கிறது? வெளிச்சமும் அதிகம். தினம் ஒரு தடவை இறங்கிப் பார். அதோடு..." என்று வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினார்.

அப்பா வண்டி கற்றுக்கொண்டதற்கும் முந்தைய காலத்தில், சாலையில் கைதான் மொழி. 1950-களின் சில கார்களில் கதவுத் தூணிலிருந்து சின்னஞ்சிறு கை ஒன்று வெளியே நீண்டு, உள்ளே விளக்கெரிய, 'இந்தப் பக்கம்' என்று காட்டுமாம். அதைப் பார்த்துக் கை தட்டியதை அப்பா இன்னும் சொல்வார். கை போய் விளக்கு வந்தது. பல்பு போய் எல்.இ.டி. வந்தது. எது வந்தாலும், பின்னால் வருகிற யாரோ ஒருவருக்கு நாம் சொல்லும் ஒரு வார்த்தைதான் அது. நாம் சொன்னதற்கு அடையாளம் நம் கண் முன்னால் மினுக்குகிறது. அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு புது ஏற்பாடு. தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகுமுன், அவள் புத்தகப் பையோடு வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி நிற்பாள். நான் சுவிட்சைத் தள்ளுவேன். "இடது, தெரியுது!" என்பாள். "வலது, தெரியுது!" என்பாள். பிரேக்கை அழுத்துவேன், "சிவப்பு, தெரியுது!" என்பாள். அரை நிமிஷம்கூட ஆவதில்லை. திண்ணையிலிருந்து அப்பா அதைக் கேட்டுவிட்டுத்தான் பத்திரிகையைப் பிரிப்பார்.

நேயர்களே! உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கலாம். அதன் இண்டிகேட்டர் இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மீட்டரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் இல்லாவிட்டால் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

ஆற்காடு சாலையில் அந்தச் சந்துக்கு நான் இன்றும் திரும்புகிறேன். விளக்கு அழகாகத் துடிக்கிறது. கையையும் நீட்டுகிறேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சின்னக் கையும் கூடவே நீள்கிறது.